ஐந்து டம்ளர் எண்ணெய்

போன வாரம் நரேஷ் என் கைப்பேசிக்கு ஒரு வாசகம் அனுப்பியிருந்தான். நான் வேலை பார்த்த கம்பெனியில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிற பையன், நல்லவன். கம்பெனி அம்பத்தூர் எஸ்டேட்டைக் காலி செய்துகொண்டு கிளம்புகிறது. கியர் வெட்டிய கொட்டகைகளை இடித்துவிட்டு அங்கே கண்ணாடி மாளிகை கட்டப் போகிறார்கள். புது இடத்தின் வரவேற்புக் கூடத்தில் பெரிய முதலாளியின் பழைய மோட்டார் சைக்கிளை நிறுத்தப் போகிறார்களாம். அதன் காலடியில் ஒரு பித்தளைப் பலகை. அதில் பொறிக்க வேண்டிய வாசகம்தான் எனக்கு வந்தது.

"அரை நூற்றாண்டுக்கு மேல் நம்மோடு இருந்து, ஒருநாளும் ஒருவருக்கும் தீங்கு செய்யாத வண்டி."

தப்பு இருந்தால் திருத்தித் தரும்படி கேட்டிருந்தான். விடைபெறும் மலருக்கு ஒரு கட்டுரையும் வேண்டுமாம். அந்த வண்டியின் கிளட்சை நான் ஒரே நாளில் பிழைக்க வைத்த கதையைப் பிரிவில் இன்னும் பேசுகிறார்களாம், அதை எழுத வேண்டுமாம். வண்டியைக் கொண்டுபோகும் முன் கிளட்சைப் பார்க்க ஆளும் வேண்டுமாம். கீழே, கும்பிடுகிற கை பொம்மை இரண்டு.

எழுதுகிறேன். ஒரு வாரமாக வேறெதுவும் செய்யவில்லை. சோற்றில் கை வைத்தால் அந்த வாசகம் வருகிறது. பஸ்ஸில் உட்கார்ந்தால் அடுத்த சீட்டில் அது உட்கார்ந்திருக்கிறது. ஒருவருக்கும். ஒருநாளும். பித்தளையில் பொறித்தால் பொய்க்குக்கூடப் பளபளப்பு வந்துவிடும்.

என் கதை சின்னது. பத்தொன்பது வயதில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தேன். முதல் வருஷம் பெருக்கினேன், இரண்டாம் வருஷம் அராவினேன், மூன்றாம் வருஷம் திட்டு வாங்கினேன். பிறகு வண்டிப் பிரிவு. கம்பெனியின் லாரி, வேன், ஜீப், ஃபோர்க் லிஃப்ட் எல்லாம் என் கையில்தான் படுத்தன, என் கையிலிருந்துதான் எழுந்தன. முப்பத்து மூன்று வருஷம். இரண்டு வருஷத்துக்கு முன் விருப்ப ஓய்வு என்று ஒரு தாளை நீட்டினார்கள். விருப்பம் யாருடையது என்று அந்தத் தாளில் இல்லை. போட்டேன் கையெழுத்தை. கையெழுத்துப் போடுவதில் எனக்குப் பழக்கம் உண்டு. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையே.

முதலில் வண்டி. போர் முடிந்து ராணுவம் ஏலத்தில் தள்ளிவிட்ட இங்கிலாந்து வண்டி, ஐந்நூறு சிசி, எருமை நிறம், எருமைக் குணம். பெரிய முதலாளி எஸ்டேட்டில் முதல் கொட்டகை போட்ட காலத்தில் இதில்தான் வந்தாராம். அவர் போன பிறகு வண்டி அலுவலக வாசலில் ஒரு தகரக் கூரையின் கீழ் நின்றது. வருஷத்துக்கு ஒருநாள், ஆயுத பூஜை அன்று, அதைக் கிளப்பி எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்ற வேண்டும். எலுமிச்சம்பழம் நசுங்கினால் அந்த வருஷம் கம்பெனி நசுங்காது என்று கணக்கு.

இந்த வண்டியின் கிளட்சைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. கிளட்ச் என்பது இன்ஜினையும் சக்கரத்தையும் சேர்த்துப் பிடித்திருக்கிற தட்டுகளின் அடுக்கு. லீவரைப் பிடித்தால் தட்டுகள் விலகும், வண்டி நிற்கும். விட்டால் ஒட்டும், வண்டி ஓடும். இந்த வண்டியில் அந்த அடுக்கு உலர்ந்தே இருக்க வேண்டும். ஆனால் அது இருக்கிற இடமோ எண்ணெய்க்கு நடுவே. செயின் ஓடுகிற பெட்டிக்குள் எண்ணெய், அந்த எண்ணெய்க்கு நடுவில் கவிழ்த்த கிண்ணம்போல ஒரு மூடி, மூடிக்குள் ஈரம் படாமல் கிளட்ச். வெள்ளக்காட்டில் குடிசை போட்டு ஈரமில்லாமல் வாழச் சொன்னதுபோல.

அதனால் எண்ணெய்க்கு அளவு உண்டு. செயின் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சின்னத் திருகு இருக்கும், லெவல் ஸ்க்ரூ. அதைக் கழற்றிவிட்டு மேலே இருந்து எண்ணெய் ஊற்ற வேண்டும். எண்ணெய் அந்தத் துளை வழியாகச் சொட்டத் தொடங்கினால் நிறுத்த வேண்டும். சொட்டு தானாக நிற்கும்வரை பொறுத்து, பிறகு திருகை மாட்ட வேண்டும். எங்கள் கேன்டீன் டம்ளரில் சரியாக இரண்டு டம்ளர் பிடிக்கும்.

இனி ஃபோர்மேன். பெயர் வேதமூர்த்தி என்று வைத்துக்கொள்ளுங்கள், எஸ்டேட்காரர்களுக்கு நிஜப் பெயர் தெரியும். குரலை உயர்த்தாத மனிதர். அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. சட்டையில் கறை பார்த்ததில்லை. எதையும் தொட்டபின் பஞ்சு வேஸ்ட் எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைப்பார், சுண்டுவிரலில் தொடங்கிக் கட்டை விரலில் முடிப்பார், அதுவரை எதிரில் நிற்பவன் நிற்க வேண்டும். அவர் பேச்சில் 'நீ செய்' என்பதே கிடையாது. நாம செஞ்சிருவோம் தம்பி. நாம ஞாயித்துக்கெழம வந்துருவோம் தம்பி. அவர் 'நாம' என்று சொன்ன ஞாயிறுகளில் நான் தனியாகத்தான் வந்திருக்கிறேன்.

அவருக்கு அந்த வண்டி மேல் பக்தி. ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னால், துடைத்துச் சந்தனம் வைக்கிற அன்று, செயின் பெட்டிக்கு எண்ணெய் ஊற்றுவது அவர் உரிமை. கையில் கம்பெனி கொடுத்த மோதிரத்தோடு, புது டின்னை உடைத்து ஊற்றுவார். லெவல் ஸ்க்ரூவைக் கழற்ற மாட்டார். கழற்றினால் எண்ணெய் கீழே சொட்டும், கீழே கோலம் போட்டிருக்கும். பூஜைக் கோலத்தில் எண்ணெய்ச் சொட்டு விழுந்தால் அபசகுனம். ஆகவே திருகு இறுக்கியபடி இருக்க, மேல் வாய் விளிம்பில் எண்ணெய் மினுங்குகிறவரை ஊற்றுவார். நிறைந்திருந்தால்தான் அவருக்குப் பூஜை.

அவர் ஃபோர்மேனான முதல் வருஷமே சொன்னேன். சார், அளவு தாண்டினா உள்ள எறங்கிடும் சார் என்றேன். அவர் சுண்டுவிரலைத் துடைக்கத் தொடங்கினார். கட்டை விரலுக்கு வந்ததும், "நல்ல நாள்ல கொறையாப் பேசக் கூடாது தம்பி" என்றார்.

அதற்குப் பிறகு நான் பேசவில்லை. பதிலாக ஒரு வழி கண்டுபிடித்தேன். அவர் கைகழுவப் போனதும் ஒரு தட்டை அடியில் வைத்து, லெவல் ஸ்க்ரூவைத் திறந்து, அதிகப்படி எண்ணெயை வடித்துவிடுவேன். கோலத்தில் ஒரு சொட்டு விழாது. அவருக்கும் தெரியாது. வண்டி ஒழுங்காக ஓடும், எலுமிச்சம்பழம் நசுங்கும், அவர் மாலையோடு இறங்குவார், நான் கை தட்டுவேன். ஒன்பது வருஷம் இப்படி. இதைச் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன். ஒருவன் தப்பை அவனுக்கே தெரியாமல் ஒன்பது வருஷம் துடைத்தால், பத்தாம் வருஷம் அவனுக்கு அது தப்பாகவே தெரியாது.

பத்தாம் வருஷம் பிடிபட்டேன். தட்டும் கையுமாகக் குந்தியிருந்தேன், பின்னால் செருப்புச் சத்தம். அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிரிவு ஆட்கள் ஏழெட்டுப் பேர் அங்கேயே தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். குரல் அதே குரல்தான்.

"சாமிக்கு ஊத்துனதத் திருடுறியா தம்பி?"

யாரோ சிரித்தார்கள். வடித்த எண்ணெயை என் கையாலேயே திரும்ப ஊற்ற வைத்தார். ஊற்றினேன். விளிம்பில் மினுங்கியது. அப்போது எனக்குள் ஒரு வீம்பு விழுந்தது, அதை மறைக்க மாட்டேன். சரி, கிடக்கட்டும். கிளட்சில் எண்ணெய் ஏறினால் வழுக்கும். இன்ஜின் அலறும், வண்டி நகராது. சின்ன முதலாளி முன்னால், அத்தனை பேர் முன்னால், மாலையும் கழுத்துமாக நின்ற இடத்தில் உறுமிக்கொண்டு நிற்கட்டும் என்று நினைத்தேன். இரண்டு நாள் அதை நினைக்க நினைக்க இனித்தது.

நான் கணக்குப் பண்ணாதது ஒன்று. வண்டி வருஷம் முழுக்கச் சும்மா நிற்கிற வண்டி. மூடியின் வாசர் சுருங்கிக் கிடந்தது. உள்ளே தட்டுகளில் தேய்ந்த தூள் இருந்தது. அந்தத் தூளோடு எண்ணெய் இறங்கி இரண்டு நாள் ஊறினால் பாகு. வழுக்குவது பிறகுதான், சூடேறினபின். முதலில் ஒட்டும். ஒட்டினால் லீவரைப் பிடித்தாலும் தட்டுகள் விலகாது. கிளட்ச் வேலையில் இருபது வருஷம் போட்டவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஆத்திரத்தில் இருந்தவனுக்குத் தெரியவில்லை.

கன்னியம்மாவைச் சொல்கிறேன். கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவர், ஒப்பந்த ஆள், பூந்தமல்லி பக்கம் பாரிவாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். கோலம் போடத் தெரிந்தவர் என்பதால் வருஷா வருஷம் வாசல் கோலம் அவருடையது. அதற்குத் தனிக் கூலி கிடையாது, ஒரு பொட்டலம் பொரியும் சுண்டலும். வாய் நிற்காது. டம்ளரைத் திருப்பிக் கொடுக்காதவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மானத்தை வாங்குவார். என்னிடம், "அண்ணாத்தே, எங்க கேன்டீன் டம்ளருங்க உன் ஷெட்டுல எண்ணெ மோந்துகினு கீதாமே, அத்த இனிமே எவன் வாயில வைக்கறது?" என்று சொல்லிச் சிரிப்பார்.

ஆயுத பூஜை காலை. பூசணிக்காய் உடைத்தாயிற்று. கற்பூரம் காட்டியாயிற்று. வேதமூர்த்தி வண்டியில் உட்கார்ந்து உதைத்தார், மூன்றாவது உதையில் பிடித்தது, எல்லோரும் கை தட்டினார்கள். எலுமிச்சம்பழத்தை நாங்கள் வைப்பதுதான் வழக்கம். அன்று சின்ன முதலாளியின் மனைவி வந்திருந்தார், கோலம் அழகாக இருக்கிறது, யார் போட்டது என்று கேட்டார். கேட்டதும் ஃபோர்மேனுக்கு மனசு நிறைந்துவிட்டது. கோலம் போட்ட கையாலேயே பழமும் வைக்கட்டும் என்றார். கன்னியம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து முன் சக்கரத்தின் எதிரே குந்தினார்.

நான் மூன்றடி தள்ளி நின்றேன். கேட்டேன். "வைம்மா" என்றார் வேதமூர்த்தி. சொல்லிக்கொண்டே கிளட்சைப் பிடித்தார். பிடித்திருக்கிறவரை வண்டி நகரக் கூடாது. கன்னியம்மா கையை நீட்டினார்.

அவர் கியரைப் போட்டார். வண்டி பாய்ந்தது. ஒரு முழம் இருக்கும். அவர் வலது மணிக்கட்டின் மேல் ஏறி, அங்கேயே இன்ஜின் அணைந்து நின்றது. நாலு பேர் தூக்கித்தான் கையை எடுத்தோம். பழம் ஓரமாக உருண்டு போய்க் கிடந்தது, ஒரு கீறல் இல்லாமல்.

அவரை வேனில் கொண்டுபோன பிறகு, வேதமூர்த்தி என்னைத் தகரக் கூரைக்குக் கூப்பிட்டார். கழுத்தில் மாலை அப்படியே இருந்தது. விரல்களைத் துடைத்துக்கொண்டே பேசினார். நாளை விஜயதசமி, லீவு. நாளை மறுநாள் பர்சனல் ஆபீசர் வண்டியைப் பார்க்க வருகிறார். வண்டியில் கோளாறு என்றால் யாருக்குக் கேடு என்று என்னைக் கேட்டார். ஊற்றியது அவர் என்றாலும், கடைசியாக ஊற்றிய கை என் கை என்பதை ஏழெட்டுப் பேர் பார்த்திருக்கிறார்கள் என்றார். அதையும் அதே மெல்லிய குரலில்தான் சொன்னார்.

"நாம நாளைக்கு வந்து கிளட்சை முடிச்சிருவோம் தம்பி."

மறுநாள் நான் வந்தேன். தனியாக.

இப்போது பசங்கள் கேட்ட கதை. படித்துக்கொள்ளுங்கள், வேலை சரியாகத்தான் இருக்கும்.

வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி, இடது கால்மிதியைக் கழற்றி, செயின் பெட்டியை வடித்தேன். அளவு தெரிய வேண்டும் என்று கேன்டீன் டம்ளரில் பிடித்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்தாவதும் நிறைந்தது. ஐந்து டம்ளரையும் வரிசையாக மேடையில் வைத்தேன். பேசாத சாட்சிகள் ஐந்து பேர்.

மூடியின் திருகுகளைக் கழற்றி மூடியை எடுத்ததும் உள்ளே இருந்தும் எண்ணெய் வழிந்தது. அதை விரலில் எடுத்துத் தேய்த்து முகர்ந்தேன். எண்ணெய் இரண்டு வழியில் வரலாம். கியர் பெட்டியிலிருந்து தண்டு வழியாகக் கசிந்தால் அது கியர் ஆயில், கெட்டியாக இருக்கும், பூண்டு அழுகினதுபோல ஒரு வாடை. அப்படி இருந்தால் அது வயதான வண்டியின் நோய், யார் மேலும் பழி இல்லை. நானும் உள்ளுக்குள் அதைத்தான் வேண்டிக்கொண்டேன். வாடை இல்லை. நீர்த்த, புது எண்ணெய். டின் உடைத்த எண்ணெய்.

ஸ்பிரிங் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, மேல் தட்டை எடுத்தேன். மற்றவை வரவில்லை. ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாக இருந்தது. ஹாக்ஸா பிளேடின் மழுங்கின முனையை விட்டு, கல்லில் ஒட்டின தோசையை எடுப்பதுபோலச் சுற்றிச் சுற்றி நெம்பினேன். விட்டபோது ஒரு ஈரச் சத்தம். அந்த ஒட்டுதான் அந்தக் கையை உடைத்தது. தட்டுகளை உதறவில்லை, ஊதவில்லை, அந்தத் தூள் நெஞ்சுக்கு ஆகாது. பெட்ரோலில் மூன்று முறை அலசினேன், மூன்றாவதும் கறுத்தது. இரும்புத் தட்டுகளைத் தனியாக எடுத்து, கண்ணாடிப் பலகை மேல் எமரித் தாள் விரித்து, எட்டுப் போடுவதுபோலத் தேய்த்தேன். கண்ணாடியில் வைத்து அழுத்தி, எந்த ஓரத்திலும் ஆட்டம் இல்லை என்று பார்த்தேன்.

பிடிப்புத் தட்டுகள் வேறு சாதி. அவை எண்ணெயைக் குடிக்கும். மேலே துடைத்தால் போய்விட்டதுபோல இருக்கும், சூடு பட்டால் உள்ளே குடித்தது வேர்க்கும். ஆகவே அம்பத்தூர் ஓ.டி.யில் நாட்டு மருந்துக் கடைக்குப் போய் முல்தானி மட்டி ஒன்றரைக் கிலோ வாங்கினேன். கடைக்காரர், "கல்யாணமா சார், இவ்ளோ முகத்துக்கு?" என்றார். பெட்ரோல் வாடை போகும்வரை தட்டுகளை வெயிலில் காயவைத்து, ஸ்டவ்வைச் சிறுதீயில் வைத்து, தகரத்தின் மேல் போட்டுச் சூடேற்றினேன். வேர்த்தது. வேர்க்க வேர்க்க மட்டியில் புதைத்தேன். மட்டி பழுப்பாகி ஈரக் கட்டியானதும் தட்டி எடுத்துப் புது மட்டி. மீண்டும் சூடு. மீண்டும் மட்டி. ஐந்து முறை. ஐந்தாவது முறை மட்டி வெள்ளையாகவே உதிர்ந்தது. பித்தளைத் தூரிகையால் லேசாகச் சொரசொரப்பு ஏற்றினேன். மூடிக்குப் புது வாசர் வெட்டினேன்.

பூட்டும்போது நட்டுகளை அரைத் திருப்பு, அரைத் திருப்பாக, எதிரெதிரே. பிறகு லீவரைக் கட்டிவைத்து, கிக்கரை மெதுவாக அழுத்திச் சுழலவிட்டு, மேல் தட்டு தலையாட்டுகிறதா என்று கண்ணை அதன் விளிம்பு மட்டத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு நட்டுக்குக் கால் திருப்பு கொடுத்தேன். ஆட்டம் நின்றது. வட்டம் வட்டமாகச் சுழன்றது, குளத்தில் சலனம் அடங்கினதுபோல. லெவல் ஸ்க்ரூவைத் திறந்து வைத்து, இரண்டு டம்ளர் ஊற்றி, சொட்டு நிற்கும்வரை காத்திருந்து, மாட்டினேன். சாயங்காலம் நாலரை மணி. முப்பத்து மூன்று வருஷத்தில் அதைவிட நல்ல வேலை நான் செய்ததில்லை.

அதைவிடக் கேவலமான வேலையும்.

மறுநாள் பர்சனல் ஆபீசர் வந்தார். இளைஞர், எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துத்தான் எழுதுவேன் என்கிறவர். வண்டியைக் கிளப்பச் சொன்னார். முன் சக்கரத்துக்கு இரண்டு விரல் தள்ளி ஒரு எலுமிச்சம்பழத்தை அவரே வைத்தார். கிளட்சைப் பிடித்துக் கியரைப் போட்டேன். வண்டி மூச்சு விட்டபடி நின்றது. ஒரு நிமிஷம் பிடித்திருக்கச் சொன்னார். பிடித்தேன். பழத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே அந்த இரண்டு விரல் இடைவெளி அப்படியே இருந்தது. மீண்டும் ஒருமுறை. மீண்டும் அப்படியே. அவர் என்னிடம் மரியாதையாகவே கேட்டார், சைகை கொடுத்தபிறகு அந்த அம்மா கையை நீட்டினாரா, முன்னாலேயே நீட்டிவிட்டாரா, நீங்கள் பக்கத்தில் இருந்தீர்களே.

வேதமூர்த்தி விரலைத் துடைத்துக்கொண்டிருந்தார். நடுவிரலில் இருந்தார்.

கவனிக்கவில்லை என்று சொன்னேன்.

அறிக்கை அரைப் பக்கம். வண்டியில் கோளாறு இல்லை. ஓட்டியவர் வழக்கம்போல இயக்கினார். பணியாளர் சைகைக்கு முன் அஜாக்கிரதையாகக் கையை நீட்டியதால் நேர்ந்தது. அன்று அவருக்கு வேலை நேரமும் இல்லை, கோலம் போட அவராகவே வந்தவர். கீழே பரிசோதித்த மெக்கானிக் என்று என் கையெழுத்து. ஒப்பந்தக்காரர் கன்னியம்மாவை மறுபடி எடுக்கவில்லை. மூன்று விரல் மடங்காத கையால் பாத்திரம் கழுவ முடியாது என்றாராம். மேடையில் இருந்த ஐந்து டம்ளர்? எண்ணெயை நானே டின்னில் கவிழ்த்து, டம்ளர்களைச் சோப்புப் போட்டுக் கழுவி, கேன்டீனில் கொண்டுபோய் வைத்தேன். கழுவுகிறதற்கு அங்கே ஆள் இல்லை.

இது நடந்து பதினோரு வருஷம்.

வாசகம் வந்த மறுநாள் வேதமூர்த்திக்குப் போன் செய்தேன். அயனம்பாக்கம் ஏரியைப் பார்த்த அடுக்கு மாடியில் இருக்கிறார். பலகையைப் பற்றிச் சொன்னதும் சந்தோஷப்பட்டார். மலரில் தன் படம் வருவதாகவும் சொன்னார், அந்த வண்டியில் மாலையோடு. நான் கன்னியம்மா பெயரைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்து, "யாரு, அந்தக் கோலம் போடற பொண்ணா" என்றார். பிறகு, "நாம கம்பெனிக்காகத்தான செஞ்சோம் தம்பி" என்றார்.

போனை வைத்துவிட்டுப் பாரிவாக்கத்துக்குப் பஸ் ஏறினேன்.

வயல் இருந்த இடத்தில் மனை மனையாகக் கல் நட்டிருந்தார்கள். கன்னியம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்து, இடது கையால் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். வலது கை மடியில், மூன்று விரல் விறைத்தபடி. அடையாளம் கண்டுகொண்டார்.

"இன்னா அண்ணாத்தே, டம்ளரு திருப்பிக் குடுக்க வந்தியா?"

நான் சிரிக்க முடியாமல் எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணெய், என் வீம்பு, விஜயதசமி, மட்டி, இரண்டு விரல் இடைவெளி, கவனிக்கவில்லை என்று சொன்னது. அவர் கீரையை நிறுத்தவில்லை. 'வைம்மா' என்ற இடம் வந்ததும் கை நின்றது.

"அந்தாளு வைம்மான்னு சொன்னாரா?"

"சொன்னாரு."

"உன் காதுல உழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

உருவிய காம்பைக் கீழே போட்டார். பிறகு பேசியதை அப்படியே தருகிறேன். ஒரு சொல்லும் மாற்றவில்லை.

"பதினோரு வருசமா நானே அவசரப்பட்டுக் கைய உட்டுட்டேன்னு நெனச்சிகினு கீறேன். எம் புருசன் சாவற வரிக்கும் சொல்லிக் காட்டுச்சு. பொண்ணு சொல்லுது. எனக்கு அந்த வைம்மா கேட்ட மாரி இருக்கும், ராவுல எழுந்து குந்திகினு, கேட்டுச்சா கேக்கலியான்னு ரோசன பண்ணுவேன். அப்பால, எழுதுன பேப்பர்லயே போட்டுட்டாங்களே, நமக்குத்தான் புத்தி கலங்கிடுச்சுன்னு உட்டுட்டேன். கை போனா போவுது. எம் புத்திய எடுத்துட்டீங்களேடா."

மன்னிப்பு என்று ஏதோ தொடங்கினேன், கையைக் காட்டி நிறுத்தினார். விறைத்த கையால்.

"அத்த நீயே வச்சிக்க. எத்தினி டம்ளரு வந்துச்சுன்ன?"

"அஞ்சு."

"இருக்க வேண்டியது?"

"ரெண்டு."

"எழுதிக் குடு. எம் பொண்ணு படிக்கணும்."

அங்கேயே ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மகளைக் கூப்பிட்டார். அந்தப் பெண் வாசல்படியில் நின்று உரக்கப் படித்தது. முதல்முறை வேகமாக. அம்மா சொன்னதும் இரண்டாம் முறை மெதுவாக. வைம்மா என்ற இடத்தில் நின்று, அம்மாவைப் பார்த்தது. கன்னியம்மா கீரைக்குத் திரும்பியிருந்தார். எனக்குத் தண்ணீர் தரவில்லை. தந்திருந்தால் குடித்திருக்க மாட்டேன்.

நரேஷ், நீ கேட்ட கட்டுரை இது. மலரில் போட முடியாது என்பார்கள், தெரியும். ஒரு படி பர்சனல் ஆபீசுக்கும் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அரைப் பக்க அறிக்கையில் இருக்கிற என் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று தனியாகவும் எழுதியிருக்கிறேன். வண்டியைப் புது இடத்துக்குக் கொண்டுபோகும் முன் கிளட்சைப் பார்க்க ஆள் வேண்டும் என்றாயே, நான் வர மாட்டேன். மேலே எழுதியபடி செய்யுங்கள். முக்கியமாக, லெவல் ஸ்க்ரூவைத் திறந்து வைத்து ஊற்றுங்கள். கோலத்தில் சொட்டினால் சொட்டட்டும்.

வாசகத்தில் தப்பு இருந்தால் திருத்தச் சொன்னாய். திருத்திவிட்டேன். பித்தளையில் இதைப் பொறிக்கச் சொல்:

"இந்த வண்டியில் இரண்டு டம்ளர் எண்ணெய் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து டம்ளர் இருந்தது. 'வைம்மா' என்று சொன்ன பிறகுதான் கன்னியம்மா கையை நீட்டினார்."